சங்கிலிச் சட்டை அணிந்த மரக்கப்பல்கள்



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்களில் சிலருக்குப் புதினமாக இருக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையான காலத்தில், மரத்தால் கட்டிய நீராவிப் போர்க்கப்பல்களுக்கு அவற்றில் வேலை செய்தவர்களே கையில் அகப்பட்டதை எல்லாம் வைத்துக் கவசம் பூட்டினார்கள். நங்கூரச் சங்கிலி, நிலக்கரி, மண்மூட்டை, பஞ்சுப் பொதி, வைக்கோல் என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதில் ஒரு கப்பலின் கவசத்தைப் பற்றி, அது நியாயமா அநியாயமா என்று ஒரு பெரிய வழக்கே எழுந்தது. அந்த வழக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நான் சரித்திரம் படித்த ஆள் இல்லை. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை செய்தவன். அதில் முதல் சில வருடங்கள் நீராவிக் கப்பல். ஆகவே இந்தக் கதையை மேல்தட்டில் நிற்கும் கப்டனின் கண்ணால் பார்க்க எனக்கு வராது. கீழே, கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பவனின் கண்ணால்தான் பார்க்க வரும்.

முதலில் அந்தக் காலத்துப் போர்க்கப்பல் எப்படி இருந்தது என்று பார்ப்போம். பாய்மரம் இருக்கும்; காற்று இருந்தால் பாய் விரித்து ஓடும். சண்டைக்கும் அவசரத்துக்கும் நீராவி. பக்கச்சுவர் நல்ல வைரமான மரம். பாய்க்கப்பல் காலத்தில் அந்த மரச்சுவரைக் குண்டு துளைத்தால், துளையை அடைத்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம். மரச்சிராய்கள் கத்திபோலப் பறந்து ஆட்களைக் கொல்லும், அது உண்மை. ஆனால் ஒரு குண்டால் முழுக் கப்பலும் செயலிழந்து போவது அரிது.

நீராவி வந்ததும் நிலைமை மாறிவிட்டது. கப்பலின் நடுவயிற்றில் கொதிகலன் இருக்கிறது. அதற்குள் அழுத்தத்தோடு நீராவி இருக்கிறது. அதிலே ஒரு குண்டு பட்டால் கப்பல் நின்றுவிடுவது மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்கள் அவிந்து போவார்கள். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. 1862 யூன் 17ஆம் திகதி ஆர்கன்சா மாநிலத்தில் வைட் ஆற்றங்கரையில் உள்ள சென் சாள்ஸ் என்ற இடத்தில், மவுண்ட் சிற்றி என்ற கப்பலில் ஒரேயொரு குண்டு பாய்ந்தது. அது இரும்புத் தகடு போட்ட கப்பல்தான். ஆனாலும் அந்தக் குண்டு சுவரைத் துளைத்து நீராவிக் கலத்தை உடைத்துவிட்டது. அந்த ஒரு குண்டால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வெந்து இறந்தார்கள். ஆற்றிலே குதித்தவர்களில் பலர் அங்கே இறந்தார்கள். நீராவிக் குழாய் ஒன்று கசிந்தால்கூட எவ்வளவு பயம் வரும் என்பது அந்த வேலை செய்தவனுக்குத் தெரியும்.

ஆகவே கவசம் வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பிரான்ஸ் 1859இல் குளுவார் என்ற இரும்புக் கவசக் கப்பலைக் கடலில் இறக்கியது. 1860இல் இங்கிலாந்து வாரியர் என்ற கப்பலை இறக்கியது. அமெரிக்காவில் 1862 மார்ச் 8ஆம் திகதி தென்மாநிலங்களின் வேர்ஜினியா என்ற இரும்புக் கவசக் கப்பல் ஹம்ப்டன் ரோட்ஸ் என்ற நீர்ப்பரப்புக்குள் வந்து, கம்பர்லாண்ட், கொங்கிரஸ் என்ற இரண்டு மரக்கப்பல்களை ஒரே நாளில் அழித்தது. மரக்கப்பல்களின் குண்டுகள் அதன் சரிவான இரும்புச் சுவரில் பட்டுத் தெறித்துப் போயின. அடுத்த நாள் வடமாநிலங்களின் மொனிற்றர் வந்து அதை எதிர்த்து நின்றது. அந்த இரண்டு நாட்களோடு மரப் போர்க்கப்பலின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள்.

ஆனால் நேயர்களே, ஒரு காலம் முடிந்துவிட்டது என்று எழுதுவது இலகு. கடலிலே நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை மரக்கப்பல்கள்தான். அவற்றில் இருந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடுத்த நாளும் சண்டைக்குப் போகத்தான் வேண்டும். இரும்புக் கப்பல் கட்டி முடியும்வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. அப்போதுதான் கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற யோசனை வந்தது.

அது பெரிய அளவில் நடந்த இடம் மிசிசிப்பி ஆற்றின் வாய். 1862 ஏப்ரலில் வடமாநிலங்களின் கடற்படைத் தளபதி டேவிட் ஃபராகட், மரக்கப்பல்களோடு நியூ ஓர்லியன்ஸ் நகரைப் பிடிக்க வந்தார். வழியில் ஆற்றின் இரண்டு கரையிலும் ஜக்சன் கோட்டை, சென் பிலிப் கோட்டை என்று இரண்டு கோட்டைகள். அவற்றின் பீரங்கிகளுக்கு நடுவால் இரவில் ஓடித் தப்ப வேண்டும்.

ரிச்மண்ட் என்ற கப்பலில் எஞ்சினியராக இருந்த மூர் என்பவர் ஒரு யோசனை சொன்னார். கப்பலில் பாரமான நங்கூரச் சங்கிலி சும்மா கிடக்கிறது. அதை எடுத்து, எஞ்சினும் கொதிகலனும் இருக்கும் இடத்துக்கு நேரே, கப்பலின் வெளிப்பக்கத்தில் மேலும் கீழுமாக நெருக்கமாகத் தொங்கவிட்டுக் கட்டினால் என்ன? யோசனை பிடித்துப் போயிற்று. மற்றக் கப்பல்களும் அப்படியே செய்தன. தளபதியே தன் அறிக்கையில் அந்த எஞ்சினியரின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எஞ்சின் அறைக்காரனின் பெயரைத் தளபதி சொல்வது எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும்.

சங்கிலியோடு நிற்கவில்லை. கொதிகலனைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினார்கள். சாம்பல் மூட்டை, நிலக்கரி, மாலுமிகளின் தூங்குமஞ்சம், உடுப்புப் பை எல்லாவற்றையும் அடைத்தார்கள். மண்மூட்டை என்ன செய்யும் என்று நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. சிலர் கப்பலின் வெளிப்பக்கத்தில் ஆற்றுச் சேற்றை அள்ளிப் பூசினார்கள், இருட்டில் தெரியாமல் இருக்க. சிலர் மேல்தட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். வெளிச்சம் இல்லாமல் வேலை செய்யும்போது கீழே கிடக்கும் குண்டும் கருவியும் தெரிய வேண்டுமே, அதற்காக. ஒரே கப்பல் வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

ஏப்ரல் 24 அதிகாலையில் 17 கப்பல்கள் புறப்பட்டன. வருணா என்ற கப்பல் மூழ்கியது. மூன்று கப்பல்கள் திரும்ப வேண்டியதாயிற்று. மற்ற 13 கப்பல்களும் கோட்டைகளைத் தாண்டிவிட்டன. அந்த இரவில் தென்மாநிலங்களின் மனாசஸ் என்ற கப்பல், புரூக்ளின் என்ற மரக்கப்பலின் பக்கத்தில் நேரே வந்து முட்டியது. மனாசசும் ஒரு இழுவைப் படகுக்கு மெல்லிய இரும்புத் தகடு அடித்து உருவாக்கியதுதான். முட்டிய வேகத்தில் புரூக்ளினில் கட்டியிருந்த சங்கிலி பலகைக்குள் புதைந்து போயிற்று. பலகையும் உடைந்தது. ஆனால் அந்த இடத்தில் உள்ளே நிலக்கரி அறை நிறைந்திருந்தது. கப்பல் தப்பியது.

இந்த நிலக்கரி விடயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலக் கப்பல்களில் நிலக்கரியைக் கொதிகலனுக்கும் வெளிச்சுவருக்கும் இடையில்தான் சேமிப்பார்கள். பல அடி கனத்தில் நிலக்கரி நிறைந்திருந்தால், அதுவே ஒரு நல்ல கவசம். ஆனால் கப்பல் ஓட ஓட நிலக்கரி எரிந்து குறையும். அதாவது பயணம் நீள நீள உங்கள் கவசத்தை நீங்களே எரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நெடுந்தூரம் வந்து எதிரியைச் சந்திக்கும் நேரத்தில் பக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையை நிரப்பத்தான் சங்கிலி. இதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

இதே மாதத்தில், ஆற்றின் மேற்பகுதியில் இன்னொரு சம்பவம். பத்தாம் இலக்கத் தீவு என்று ஒரு தீவு. அதைத் தென்மாநிலப் படை பலப்படுத்தி வைத்திருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி இரவு, இடியும் மழையுமான நேரத்தில், கரொண்டலெற் என்ற கப்பலை அதைத் தாண்டி ஓட்டிப் போனார் ஹென்றி வோக் என்ற அதிகாரி. அந்தக் கப்பலுக்கு முன்பக்கத்திலும் எஞ்சினுக்கு நேரேயும் இரும்பு இருந்தது. மற்ற இடங்களில் போதாது. அதனால் மேல்தட்டில் பலகையும் சங்கிலியும் பரப்பினார்கள். எதிரிப் பீரங்கிகள் இருந்த பக்கத்தில் நிலக்கரியும் வைக்கோலும் ஏற்றிய பாரவள்ளம் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். ஆற்றுக் கப்பல்களில் கழிவு நீராவி புகைபோக்கி வழியாகப் புசுபுசு என்று பெரிய சத்தத்தோடு போகும். அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, குழாயைத் திருப்பிச் சில்லு அறைக்குள் விட்டார்கள். கவசம் என்றால் இரும்பு மட்டுமல்ல, சத்தம் போடாமல் இருப்பதும் கவசம்தான்.

தென்மாநிலங்களிடம் இரும்பு குறைவு. ஆனால் அவர்களிடம் குவிந்து கிடந்த ஒரு பொருள் பஞ்சு. வடமாநிலக் கடற்படை துறைமுகங்களை மறித்து நின்றதால் ஏற்றுமதி செய்ய முடியாமல் பொதி பொதியாகத் தேங்கிக் கிடந்தது. அதையே கப்பலுக்குக் கவசமாக்கினார்கள். மிசிசிப்பி ஆற்றில் ஓடிய பயணிகள் கப்பல்களை எடுத்து, இரட்டைப் பலகைச் சுவர் அடித்து, நடுவில் பஞ்சை இறுக்கி அடைத்தார்கள். 1862 மே 10ஆம் திகதி பிளம் பொயின்ற் என்ற வளைவில் இந்தப் பஞ்சுக் கப்பல்கள் வந்து முட்டி, வடமாநிலங்களின் இரும்புக் கப்பல்கள் இரண்டை ஆற்றில் தாழ்த்தின. ஆனால் அடுத்த மாதம், யூன் 6ஆம் திகதி, மெம்பிஸ் நகருக்கு முன்னால் நடந்த சண்டையில் எட்டுப் பஞ்சுக் கப்பல்களில் ஏழு போய்விட்டன. ஒன்றுதான் தப்பியது. கரையில் நின்று நகர மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1863 ஜனவரி 1ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் கல்வஸ்ரன் துறைமுகத்தில் ஜெனரல் மக்ருடர் இன்னும் துணிச்சலாகச் செய்தார். பேயூ சிற்றி, நெப்டியூன் என்ற இரண்டு ஆற்றுக் கப்பல்களில் பஞ்சுப் பொதிகளை அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் துவக்குக்காரர்களை நிறுத்தி அனுப்பினார். நெப்டியூன் அடிபட்டு ஆழம் குறைந்த நீரில் அமர்ந்துவிட்டது. ஆனால் பேயூ சிற்றி, ஹரியற் லேன் என்ற வடமாநிலப் போர்க்கப்பலை முட்டி, ஆட்கள் பாய்ந்து ஏறி அதைக் கைப்பற்றிவிட்டார்கள். துறைமுகம் மீண்டும் தென்மாநிலங்களின் கைக்கு வந்தது.

பஞ்சு துவக்குச் சன்னத்தை நன்றாகப் பிடிக்கும். பீரங்கிக் குண்டுக்கு முன்னால் அதனால் நிற்க முடியாது. அதைவிட மோசமான குறை, அது தீப்பிடிக்கும். 1863 ஏப்ரல் 16 இரவு விக்ஸ்பேர்க் நகரைத் தாண்டி வடமாநிலக் கப்பல்கள் ஓடியபோது, ஹென்றி கிளே என்ற பாரக்கப்பலில் பாதுகாப்புக்கு அடுக்கிய பஞ்சுப் பொதிகளே எரிந்தன. கப்பல் தீப்பந்தமாக ஆற்றில் மிதந்து போனது. காக்க வைத்ததே எரிக்கவும் செய்தது. கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யும் எந்தக் காவலுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே என்று தெரிந்து பாவித்தவன் தப்பினான்.

இனி அந்த வழக்குக்கு வருவோம்.

அலபாமா என்ற கப்பலின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்மாநிலங்களுக்காக இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரில் இரகசியமாகக் கட்டிய மரக்கப்பல் அது. 1862 ஆகஸ்டில் கடலுக்கு வந்தது. அதன் கப்டன் ரபாயல் செம்ஸ். வடமாநில வர்த்தகக் கப்பல்களைப் பிடித்து எரிப்பதுதான் அதன் வேலை. இரண்டு வருடத்துக்குள் ஏறத்தாழ 65 கப்பல்களைப் பிடித்தது. 1863 டிசம்பரில் சிங்கப்பூருக்கு வந்து, மலாக்கா நீரிணையால் வெளிக்கிட்டு, இலங்கையைச் சுற்றி மலபார்க் கரைக்குப் போனது. 1864 ஜனவரி 14ஆம் திகதி அங்கே எமா ஜேன் என்ற கப்பலைப் பிடித்து எரித்துவிட்டு, அதில் இருந்தவர்களை இன்றைய கேரளத்தில் உள்ள அஞ்சுதெங்கில் கொண்டுபோய் இறக்கியது. ஆகவே இந்தக் கதை நமது கடலையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.

1864 யூன் 11ஆம் திகதி அலபாமா களைத்துப் போய் பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வந்தது. அடிப்பாகத்தில் செப்புத் தகடு கழன்றிருந்தது. வெடிமருந்து பழுதாகியிருந்தது. மூன்று நாளில் வடமாநிலங்களின் கியர்சார்ஜ் என்ற கப்பல் வந்து துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்றது. அதுவும் மரக்கப்பல்தான். கப்டன் ஜோன் வின்ஸ்லோ. செம்ஸ் பயந்து ஒளிக்கவில்லை. நிலக்கரி ஏற்றியதும் வந்து சண்டை பிடிப்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

யூன் 19, ஞாயிற்றுக்கிழமை. கரையோரக் குன்றுகளிலும் வீட்டுக் கூரைகளிலும் ஆயிரக்கணக்கான சனம். பாரிஸில் இருந்து ரயிலில் வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று வட்டமிட்டு, ஏழு வட்டம் சுற்றிச் சண்டையிட்டன. அலபாமா முந்நூறுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. கியர்சார்ஜ் சுட்டது 173. ஆனால் நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டது. அதன் 11 அங்குல டால்கிரென் பீரங்கிகளின் எறிகணைகள் அலபாமாவின் நீர்மட்டத்தில் பிளந்தன. தண்ணீர் உள்ளே புகுந்து கொதிகலன் நெருப்பை அணைத்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அலபாமா பின்பக்கமாகச் சாய்ந்து மூழ்கிவிட்டது. இந்தக் காட்சியைப் பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மனே அதே வருடம் வரைந்தார். அந்த ஓவியம் பிலடெல்பியா கலைக்கூடத்தில் இருக்கிறது.

தோற்ற பிறகு செம்ஸ் ஒரு குற்றச்சாட்டைச் சொன்னார். கியர்சார்ஜின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் இரும்பால் மூடப்பட்டிருந்தது, அதைப் பலகையால் மறைத்து வைத்திருந்தார்கள், அது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் சண்டைக்கே போயிருக்க மாட்டேன் என்றார். நேருக்கு நேர் போருக்கு வருபவன் உடுப்புக்குள்ளே இரகசியமாக இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு வருவது போன்றது இது என்பது அவருடைய வாதம். அவருடைய ஆதரவாளர்கள் பல வருடங்களுக்கு இதையே சொன்னார்கள்.

உண்மை என்ன? கியர்சார்ஜில் சங்கிலி இருந்தது. சண்டைக்கு ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்பே, 1863இல், அசோர்ஸ் தீவுகளில் நின்றபோது கட்டியது. யோசனை சொன்னவர் துணைத்தளபதி ஜேம்ஸ் தோர்ன்ரன். அவர் நியூ ஓர்லியன்ஸ் சண்டையில் ஃபராகட்டின் சொந்தக் கப்பலில் இருந்தவர். அங்கே பார்த்ததை இங்கே செய்தார். மூர் என்ற எஞ்சினியரின் யோசனை அப்படித்தான் அத்திலாந்திக் கடலைத் தாண்டியது.

கியர்சார்ஜின் மருத்துவர் ஜோன் பிரவுண் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார். சங்கிலி 120 பாகம் நீளம், அதாவது 720 அடி. கம்பியின் தடிப்பு 1.7 அங்குலம். அது மூடிய இடம் கப்பலின் நடுவில் 49½ அடி நீளம், சற்றே ஆறு அடிக்கு மேல் உயரம். அதற்கு மேல் ஒரு அங்குலப் பலகை அடித்திருந்தார்கள், பார்வைக்கு ஒழுங்காக இருக்க. எதற்காகக் கட்டினார்கள் என்றால், நான் முன்பு சொன்ன அதே காரணம்தான். நிலக்கரி அறையின் மேற்பகுதி வெறுமையாகும்போது எஞ்சினைக் காப்பதற்கு. சண்டை நடந்த அன்றும் அது வெறுமையாகத்தான் இருந்தது.

இனிக் கணக்கைப் பாருங்கள். கியர்சார்ஜில் பட்ட குண்டுகள் 28. அவற்றில் சங்கிலியில் பட்டவை இரண்டே இரண்டு. இரண்டும் 32 இறாத்தல் பீரங்கியின் குண்டுகள். ஒன்று சங்கிலியை வெட்டிப் பலகையை நசுக்கியது. மற்றது ஒரு கண்ணியை உடைத்து வெடித்துப் பலகையைக் கொஞ்சம் பிய்த்தது. பட்ட இடம் நீர்மட்டத்துக்கு ஐந்து அடி மேலே. துளைத்திருந்தாலும் எஞ்சினுக்கு மேலாலேயே போயிருக்கும் என்று மருத்துவர் எழுதுகிறார். ஆகவே சங்கிலி இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது.

முடிவை மாற்றியிருக்கக்கூடிய குண்டு வேறு. அலபாமாவின் பெரிய பீரங்கி சுட்ட எறிகணை ஒன்று கியர்சார்ஜின் பின்புறத் தூண்மரத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில் புதைந்தது. வெடித்திருந்தால் கியர்சார்ஜின் கதை என்னவாகியிருக்குமோ. அது வெடிக்கவில்லை. அங்கே சங்கிலியும் இல்லை, கவசமும் இல்லை. அந்த மரத்துண்டு எறிகணையோடு இப்போதும் வாஷிங்டனில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலபாமாவைத் தோற்கடித்ததில் சங்கிலியை விடப் பழுதான வெடிமருந்துக்கும் பழக்கமில்லாத குறிக்கும் பங்கு அதிகம்.

செம்சுக்குத் தெரியாது என்பதும் கேள்விக்குரியது. கியர்சார்ஜ் அந்தச் சங்கிலியோடு ஒரு வருடமாக ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய் வந்தது. அலபாமாவின் லெப்டினன்ட் ஆதர் சின்கிளயர் பின்னாளில் எழுதிய புத்தகத்தில், செம்சுக்கு இது முன்பே தெரியும் என்கிறார். அவர் எதிரியின் ஆள் இல்லை. செம்சின் கீழே நின்று சண்டை பிடித்தவர்.

சரி, செம்சுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அது அநியாயமா? அலபாமாவிலும் சங்கிலி இருந்தது. கட்டுவதை யாரும் தடுக்கவில்லை. அது மட்டுமல்ல, வேறு நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு, ஆயுதமில்லாத வர்த்தகக் கப்பல்களுக்குக் கிட்டப் போய்ப் பிடித்தவர் செம்ஸ். அந்தத் தந்திரம் அன்றைய போர் வழக்கத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அதைச் செய்தவருக்கு, எஞ்சின் அறைக்குச் சங்கிலி கட்டியவனைக் குறை சொல்ல எவ்வளவு உரிமை இருக்கிறது? என்னுடைய எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கிலி யாரையும் தாக்கப் போகவில்லை. கீழே நெருப்புக்கு முன்னால் நின்று நிலக்கரி அள்ளிப் போட்டவனுக்கும் வெந்து சாவதற்கும் நடுவில் அது தொங்கியது. அவனால் சண்டையைப் பார்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அவனுக்காக ஒருவர் யோசித்ததை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒரு விடயம். கவசத்தைப் பற்றிக் கதைக்கும்போது, கவசமே இல்லாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். கியர்சார்ஜில் மூன்று பேர் காயப்பட்டு அவர்களில் ஒருவர் இறந்தார். அலபாமாவில் ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர் லெவலின். காயப்பட்டவர்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கப்பலில் நின்றவர், நீரில் மூழ்கி இறந்தார். இன்னொருவர் டேவிட் ஹென்றி வைட். டெலவெயர் மாநிலத்தைச் சேர்ந்த, இருபது வயதுகூட ஆகாத கறுப்பின இளைஞர். 1862 ஒக்ரோபர் 9ஆம் திகதி ரொனவண்டா என்ற பயணிகள் கப்பலை மறித்தபோது செம்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு அடிமை, அதனால் போர்ப் பொருள் என்று காரணம் சொன்னார். அலபாமாவில் எங்களோடு சந்தோஷமாக இருந்தான் என்றும் பின்னர் எழுதினார். 2024இல் அன்ட்ரூ சில்லென் என்ற ஆய்வாளர் வெளியிட்ட புத்தகம், வைட் அடிமை அல்ல, சுதந்திரமான மனிதர், கடத்தப்பட்டவர் என்று காட்டுகிறது. அறுநூறு நாட்களுக்கு மேல் அந்தக் கப்பலில் சிறையாக இருந்து, அந்தக் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனார்.

எதிர்ப்பக்கத்தில் கியர்சார்ஜில் ஜோக்கிம் பீஸ் என்ற கறுப்பின மாலுமி பீரங்கிக்குக் குண்டு ஏற்றினார். அவருடைய நிதானத்துக்காக அமெரிக்காவின் உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள். ஒரே நாள், ஒரே கடல். ஒருவர் தன் விருப்பத்தோடு நின்றார். மற்றவர் பிடித்துக்கொண்டு வரப்பட்டார். சங்கிலி நியாயமா என்று நூறு வருடத்துக்கு மேல் புத்தகங்களில் வாதாடினார்கள். அந்தப் பிள்ளையை என்ன நியாயத்தில் பிடித்தீர்கள் என்று கேட்க எவ்வளவு காலம் எடுத்திருக்கிறது பாருங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலபாமாவைத் தன் மண்ணில் கட்ட இடம் கொடுத்தது உட்பட்ட குற்றங்களுக்காக, 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் பிரித்தானியாவை 155 இலட்சம் டொலர் கட்டச் சொன்னது. பிரித்தானியா கட்டியது. இரண்டு நாடுகள் போரில்லாமல் வழக்குப் பேசித் தீர்த்ததற்கு அது ஒரு பெரிய முன்னுதாரணம். கியர்சார்ஜ் 1894இல் கரீபியன் கடலில் ரொன்கடோர் என்ற பாறைத் திட்டில் மோதி அழிந்தது. அலபாமாவின் உடலை 1984இல் பிரெஞ்சுக் கடற்படை ஷெர்பூருக்கு வெளியே கடலடியில் கண்டுபிடித்தது.

வீட்டிலே பிள்ளைகள் சரித்திரம் படிக்கிறார்கள் என்றால் இந்த இரண்டு கப்பல்களின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். செம்சின் வாதத்தை ஒரு பிள்ளையும் வின்ஸ்லோவின் வாதத்தை ஒரு பிள்ளையும் எடுத்துக் கதைக்கட்டும். தோற்றவர் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும், வென்றவர் சொல்லும் பெருமையையும் கேட்க வேண்டும். அதன் பிறகு சங்கிலியில் பட்ட குண்டு எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தீர்ப்பு அதற்குப் பிறகுதான்.